கருந்திட்டு எல்லாம் எண்ணெய் ஆகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலில் எண்ணெய் கொட்டியதாகச் செய்தி வரும்போதெல்லாம் அதனுடன் ஒரு செயற்கைக்கோள் படமும் அச்சாவது இப்போது வழக்கமாகிவிட்டது. சாம்பல் நிறக் கடலில் கறுப்பாக ஒரு திட்டு, அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம், கீழே ‘செயற்கைக்கோள் படத்தில் தெரியும் எண்ணெய்க் கசிவு’ என்று ஒரு வரி. இத்தகைய படங்களை ஆராய்ந்து பிரித்தறியும் பணியோடு நெடுநாள் தொடர்புடையவன் என்ற முறையில், அந்த ஒரு வரி வாசகருக்குச் சொல்லாமல் விடுபவை எவை என்று எழுத விரும்புகிறேன். படங்களை வெளியிடக் கூடாது என்று நான் கேட்கவில்லை. எந்தக் கருவியால், எத்தனை மணிக்கு, எவ்வளவு வேகத்தில் காற்று வீசியபோது எடுக்கப்பட்ட படம் என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அவை இல்லாத படம் ஒரு நாள் செய்யாத குற்றத்தை ஒரு கப்பலின்மேல் சுமத்தும். இன்னொரு நாள் செய்த குற்றத்தை மறைத்துக்கொடுக்கும்.

முதலில், அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடற்பரப்பில் எண்ணெயைத் தேடுவதற்கு இன்று உலகம் பெரிதும் நம்பியிருப்பது ரேடார் செயற்கைக்கோள்களை. ஐரோப்பாவின் சென்டினல்-1, கனடாவின் ரேடார்சாட் வரிசை, இந்தியாவின் இ.ஓ.எஸ்.-04 ஆகிய அனைத்தும் ஐந்தரை சென்டிமீட்டரை ஒட்டிய அலைநீளமுள்ள நுண்ணலைகளைக் கீழே அனுப்பி, அவற்றில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளப்பவை. இரவும் மேகமும் இவற்றுக்குத் தடையில்லை என்பதே இவற்றின் பெரும் பலம். ஆனால் இந்த ரேடார் எண்ணெயை நேரடியாகப் பார்ப்பதில்லை. நீர்ப்பரப்பின் சொரசொரப்பைத்தான் பார்க்கிறது. காற்று பட்டதும் கடலின்மேல் எழும் சிற்றலைகளில், ரேடாரின் அலைநீளத்துக்கும் கதிர் விழும் சாய்வுக்கும் பொருந்துகிற சில சென்டிமீட்டர் நீளமுள்ளவையே கதிரை வந்த வழியே திருப்பியனுப்புகின்றன. எண்ணெய்ப் படலம் அந்தச் சிற்றலைகளை எழவிடாமல் அடக்குவதால் அவ்விடத்தில் கடல் வழவழப்பாகிறது. கதிர் தெறித்து வேறு திசையில் போய்விடுகிறது. திரும்பி வருவது குறைந்து, படத்தில் அந்த இடம் கறுத்துத் தெரிகிறது.

ஆகவே சிற்றலைகளை அடக்கும் எதுவும், அல்லது அவற்றை எழவே விடாத எதுவும், படத்தில் எண்ணெயைப் போலவே தோன்றும். இங்குதான் காற்றின் வேகம் முதன்மையான விவரமாகிறது. காற்று நொடிக்கு இரண்டு மூன்று மீட்டருக்கும் குறைவாக வீசினால் கடல் முழுவதுமே வழவழப்பாகி, எண்ணெயும் சுத்தமான நீரும் ஒரே கறுப்பில் கலந்துவிடும். நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டினால் அலைகள் எண்ணெயைச் சிதறடித்து நீருக்குள் கலக்கத் தொடங்கும். எண்ணெய் இருக்கும், படத்தில் அதன் தடயம் மங்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காற்றில் எடுத்த படத்துக்குத்தான் மதிப்பு. அந்த வேகத்திலும் ஏமாற்றுபவை ஏராளம். தீவின் அல்லது மலையின் மறைவில் காற்று படாத நீர்ப்பகுதி கறுப்பாகத் தெரியும். மிதவை நுண்ணுயிரிகளும் மீன்களும் வெளிவிடும் கொழுப்புப் பொருள்கள் ஒரு மூலக்கூறு கனமுள்ள படலமாகப் பரவி, நீரோட்டத்தின் சுழிப்பைப் பின்பற்றி வளைந்து வளைந்து போகும், அதுவும் கறுப்புதான். குளிர்ந்த ஆழ்நீர் மேலெழும் இடம், கனமழை பொழிந்த இடம், நீருக்கடியில் நகரும் உள் அலைகள் மேற்பரப்பில் பதிக்கும் பட்டைகள், உறையத் தொடங்கிய கடல் ஆகியவையும் இவ்வாறே தோன்றலாம். துறையில் இவற்றுக்குப் ‘போலிகள்’ என்று பொதுப்பெயர். பார்க்கும் கருந்திட்டுகளில் போலிகள் எத்தனை என்பது கடலையும் பருவத்தையும் பொறுத்தது. ஆனால் போலியே இல்லாத கடல் கிடையாது.

இவற்றைப் பிரித்தறிவது எப்படி என்று வாசகர் கேட்கலாம். ஓடும் கப்பல் கழிவெண்ணெயைக் கொட்டினால் அது பெரும்பாலும் நீண்ட, குறுகிய, ஏறத்தாழ நேரான கோடாக விழும். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் கோட்டின் ஒரு விளிம்பு கூர்மையாகவும், மறு விளிம்பு காற்றாலும் நீரோட்டத்தாலும் கிழிந்த துணியின் ஓரம்போலப் பிசிறியும் இருக்கும். கோட்டின் முனையில் ஒரு வெண்புள்ளி இருந்தால் அது கப்பல். உலோகச் சுவர்கள் கதிரை வலுவாகத் திருப்பியனுப்புவதால் கப்பல் பளிச்சென்று தெரியும். அனுபவமில்லாதவர் தடுமாறும் இடமும் இதுதான். வெண்புள்ளி பல படங்களில் கோட்டின்மேல் உட்காராமல், பக்கத்தில் சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும். ‘எண்ணெய்க் கோடு இந்தக் கப்பலைத் தொடவே இல்லையே’ என்ற வாதம் அங்கிருந்தே பிறக்கிறது. ரேடார் ஒரு புள்ளியின் இடத்தை எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டும் கணிப்பதால், கப்பல் ரேடாரை நோக்கியோ விலகியோ நகரும்போது அந்த வேகம் இடக்கணிப்பைப் பிசகச் செய்கிறது. கப்பலின் உருவம் செயற்கைக்கோள் பறக்கும் திசையில் முன்னோ பின்னோ தள்ளிப்போகும். ஏறத்தாழ அசையாமல் கிடக்கும் எண்ணெய் தன் இடத்திலேயே இருக்கும். கப்பலின் வேகமும் திசையும் தெரிந்தால் இந்தப் பிசகைக் கணக்கிட்டுச் சரிசெய்துவிடலாம். எனவே விலகல் தன்னளவில் கப்பலை விடுவிக்கும் சான்றும் ஆகாது, குற்றவாளியாக்கும் சான்றும் ஆகாது. இந்த அடிப்படைகூட இல்லாமல் படத்தில் அம்புக்குறி போட்டுக் கப்பலின் பெயரை எழுதுவது ஆபத்தானது.

கப்பலின் பெயர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பன்னாட்டுப் பயணம் செய்யும், 300 மொத்த டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்கள் தங்கள் அடையாளம், இடம், வேகம் ஆகியவற்றை வானொலி வழியே ஓயாது அறிவிக்கும் தானியங்கி அடையாளக் கருவியை இயக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. அந்த அறிவிப்புகளைப் படத்தின்மேல் பொருத்தி, எந்தக் கப்பல் எந்நேரம் அவ்வழியே போனது என்று பார்க்கிறார்கள். ஆனால் கருவியை அணைத்துவிட்டுப் போகும் கப்பல் இந்தப் பட்டியலில் வராது. விதிப்படி இயக்கிக்கொண்டு பின்னால் வந்த கப்பல் வந்து மாட்டிக்கொள்ளும். கோட்டின் வடிவத்தையும், காற்று, நீரோட்டம் ஆகியவற்றின் கணக்கையும் வைத்துப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்த பிறகே ஒரு பெயரைச் சொல்ல முடியும். அப்போதும் அது ‘ஐயத்துக்குரிய கப்பல்’ மட்டுமே. துறைமுகத்தில் அதன் தொட்டியிலிருந்து எடுத்த மாதிரியும் கடலில் எடுத்த மாதிரியும் வேதியியல் ஆய்வில் ஒத்துப்போனால்தான் வழக்கு நிற்கும். கோடு போட்டது கனிம எண்ணெய்தானா என்பதும் முன்கூட்டித் தெரிவதில்லை. பாமாயில் போன்ற தாவர எண்ணெய் ஏற்றிய கப்பல்கள் கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால், நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தொட்டி கழுவிய நீரை விடுவதற்கு, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான மார்போல் உடன்படிக்கையில் இடம் உண்டு. ரேடாருக்குப் பாமாயிலும் ஒன்றுதான், கச்சா எண்ணெயும் ஒன்றுதான். அந்த அனுமதியைக் கடுமையாக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அது தனி வாதம்.

படம் எடுத்த மணி நேரம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கே போதும். நீர்மேல் மிதக்கும் எண்ணெய், நீரோட்டத்தோடு போவதுடன், காற்றின் வேகத்தில் ஏறத்தாழ மூன்று சதவீத வேகத்தில் காற்றுத் திசையில் நகரும். நொடிக்குப் பத்து மீட்டர் காற்றில் அது மணிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பன்னிரண்டு மணி நேரத்தில் பதின்மூன்று கிலோமீட்டர். காலையில் எடுத்த படத்தை மறுநாள் காலை நாளிதழில் ‘எண்ணெய் இருக்கும் இடம்’ என்று போட்டால், அப்போது எண்ணெய் அங்கே இருக்காது. சென்டினல்-1 ஓரிடத்தைக் கடக்கும்போது அங்கே உள்ளூர் நேரம் பெரும்பாலும் காலை ஆறையோ மாலை ஆறையோ ஒட்டியிருக்கும். ஒரே பாதைக்கு ஒரு செயற்கைக்கோள் மீண்டும் வருவதற்குப் பன்னிரண்டு நாள் ஆகும். வெவ்வேறு பாதைகளின் பரப்புகள் ஒன்றையொன்று தழுவுவதாலும், துருவங்களை நெருங்க நெருங்க அந்தத் தழுவல் கூடுவதாலும் இடைவெளி குறையலாம் என்றாலும், நிலநடுக்கோட்டை அடுத்த கடல்களில் கண் மூடியிருக்கும் நேரமே அதிகம்.

இதிலிருந்து இன்னொரு பிழையும் கிளைக்கிறது. ‘இந்த ஆண்டு கசிவுகள் குறைந்துள்ளன’ என்று ஒரு வரைபடம் வந்தால், அவ்வாண்டு எத்தனை படங்கள் எடுக்கப்பட்டன என்பதையும் உடனே கேட்க வேண்டும். 2016-இல் ஏவப்பட்ட சென்டினல்-1பி 2021 டிசம்பரில் பழுதடைந்தது. அதன் இடத்தை நிரப்ப வந்த சென்டினல்-1சி 2024 டிசம்பரில்தான் ஏவப்பட்டது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில், 2014-இல் ஏவப்பட்ட முதல் செயற்கைக்கோள் மட்டுமே அந்த வரிசையில் வேலை செய்தது. பார்க்கும் கண் பாதியானால் காணும் கசிவும் குறையும். கப்பல்கள் திருந்திவிட்டன என்று அதற்குப் பொருள் இல்லை.

அடுத்தது அளவு. ‘நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் எண்ணெய்’ என்ற தலைப்பு பெரிதாகத்தான் தெரியும். ஆனால் எவ்வளவு எண்ணெய் என்ற கேள்விக்கு அது விடையாகாது. வட கடல் நாடுகள் 1967-இன் டோரி கேன்யன் எண்ணெய்க் கப்பல் விபத்துக்குப் பின் 1969-இல் செய்துகொண்ட பான் உடன்படிக்கையின் கீழ், விமானத்திலிருந்து பார்க்கும் எண்ணெயின் நிறத்தைக் கொண்டு கனத்தை மதிப்பிடும் ஒரு குறியீடு பின்னாளில் உருவானது. அதன்படி வெள்ளிச் சாம்பலாய் மினுங்கும் படலம் 0.04 முதல் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமே உடையது. சதுர கிலோமீட்டருக்கு 40 முதல் 300 லிட்டர். வானவில் நிறம் காட்டுவது 5 மைக்ரான் வரை. உலோகப் பளபளப்புடையது 5 முதல் 50 மைக்ரான். சதுர கிலோமீட்டருக்கு 5,000 முதல் 50,000 லிட்டர். 200 மைக்ரானைத் தாண்டினால்தான் எண்ணெயின் சொந்த நிறம் இடைவெளியின்றித் தெரியும். இப்போது அந்த நூறு சதுர கிலோமீட்டரைப் பாருங்கள். மினுங்கும் படலமாக இருந்தால் மொத்தம் 4,000 முதல் 30,000 லிட்டர். உலோகப் பளபளப்பாக இருந்தால் 5 லட்சம் முதல் 50 லட்சம் லிட்டர். சாதாரண ரேடார் படத்தில் இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்பு. மெல்லிய படலமே சிற்றலைகளை அடக்கப் போதுமானது என்பதால் கனம் கூடுவதற்கேற்பக் கறுப்பு கூடிக்கொண்டே போவதில்லை. எனவே ரேடார் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனை டன் என்று யார் சொன்னாலும், அந்தக் கனத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று உங்கள் செய்தியாளர் கேட்க வேண்டும்.

பரப்பளவே பயனற்றது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து, 11 பேர் இறந்தனர். நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் கசிகிறது என்று முதலில் சொல்லப்பட்டது. சில நாளில் அது 5,000 என்று உயர்த்தப்பட்டது. செயற்கைக்கோள் படங்களில் தெரிந்த பரப்பையும், மிகக் குறைவாக வைத்துக்கொண்ட ஒரு கனத்தையும் கொண்டு, புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகக் கடலியலாளர் இயன் மெக்டொனால்டும் ஸ்கைட்ரூத் என்ற தன்னார்வ அமைப்பும் நாளொன்றுக்குக் குறைந்தது 26,500 பீப்பாய் இருக்கும் என்று அறிவித்தனர். அரசின் அறிவியல் குழு இறுதியில் ஏற்றுக்கொண்டது, தொடக்கத்தில் நாளொன்றுக்கு 62,000, கிணற்றை மூடும் தறுவாயில் 53,000 பீப்பாய். படம் சொன்னது கீழ் எல்லையை மட்டுமே. ஆழத்தில் கலந்ததையும் ஆவியாய்ப் போனதையும் அது பார்க்கவில்லை. ஆனாலும் சொல்லப்பட்ட எண் பொய் என்று காட்ட அந்தக் கீழ் எல்லையே போதுமானதாக இருந்தது. அதே வளைகுடாவில் 2004-இல் ஐவன் சூறாவளியில் சாய்ந்த ஒரு மேடையின் அடியிலிருந்து ஆண்டுக்கணக்கில் எண்ணெய் வந்துகொண்டேயிருந்ததையும், அது அற்பம் என்று சொல்லப்பட்டு வந்தபோது, படத்துக்குப் படம் அதே இடத்தில் தெரிந்த கறைதான் பொதுவெளியில் நிறுத்தியது. 2019-இல் கடலடியில் பிடிகலம் பொருத்தியபோது நாளொன்றுக்கு ஆயிரம் கேலன் அளவில் எண்ணெய் சேர்ந்தது. ஒரே படத்தைவிட, ஒரே இடத்தின் பல படங்களுக்கு இருக்கும் வலிமை இதுதான்.

‘செயற்கைக்கோள் படத்தில் எண்ணெய் எதுவும் தெரியவில்லை’ என்ற மறுப்பு அறிக்கைகளையும் இதே கண்ணால் பார்க்க வேண்டுகிறேன். இந்த வகை அறிக்கைதான் எனக்குக் கூடுதல் கவலை தருவது. ஏனெனில் படத்தைப் போட்டுப் பேசும் செய்தியை நாலு பேர் கேள்வி கேட்பார்கள், தெரியவில்லை என்ற வாக்கியத்தை யாரும் கேட்பதில்லை. கசிந்த நேரத்துக்கும் படமெடுத்த நேரத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் போனது? அப்போது காற்று எவ்வளவு? படம் கசிவுப் பகுதியை முழுவதும் உள்ளடக்கியதா? பெட்ரோல், டீசல் போன்ற இலகுவான எண்ணெய்கள் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ பெருமளவு ஆவியாகியும் கலைந்தும் போய்விடும். கனமான எரியெண்ணெய் மணலோடு சேர்ந்து மூழ்கினாலோ, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதந்தாலோ ரேடாருக்குத் தெரியாது. முகத்துவாரங்களிலும் அலையாத்திக் காடுகளுக்குள்ளும் காற்று படாத நீரில் இந்த முறை ஏறத்தாழ பயனற்றது. அங்கே வலையில் பிசுக்கு ஒட்டிக்கொண்டு திரும்பும் மீனவரின் சொல், விண்ணிலிருந்து எடுத்த படத்தைவிட நம்பத்தக்க சான்று.

ரேடாரை மட்டுமே பேசிக்கொண்டிருப்பதும் சரியன்று. வெயிலில் படமெடுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் இதில் இடம் உண்டு. 2020 ஜூலையில் மொரீஷியஸ் கடலோரப் பவளப்பாறையில் வகாஷியோ என்ற கப்பல் தரைதட்டி, ஆகஸ்டில் அதன் எரியெண்ணெய் காயலில் பரவியபோது, உலகம் பார்த்தது வண்ணப் படங்களைத்தான். அதே ஆண்டு மே மாதக் கடைசியில் ரஷ்யாவின் நோரில்ஸ்க் அருகே தொட்டி உடைந்து ஏறத்தாழ 21,000 டன் டீசல் வெளியேறியபோது, அம்பார்னயா ஆறு செந்நிறமாய் ஓடியதை, வண்ணப் படமெடுக்கும் சென்டினல்-2 படம்பிடித்தது. குறுகிய ஆற்றில் ரேடார் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது. ஆனால் வண்ணப் படத்திலும் சூரியன் நீரில் பளிச்சிடும் கோணம் பொல்லாதது: அந்தப் பளபளப்பின் நடுவே எண்ணெய் சுற்று நீரைவிட வெளிச்சமாகத் தெரியும், ஓரத்தில் இருண்டு தெரியும், இடையில் ஒரு கோணத்தில் தெரியாமலே போகும். கனத்தைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேச வேண்டுமானால் விமானத்தில் ஏறத்தான் வேண்டும். பகலில் வெயிலை உறிஞ்சிச் சூடாகும் தடித்த எண்ணெயை வெப்ப அகச்சிவப்புக் கருவி பிரித்துக் காட்டும். மிக மெல்லிய படலத்தைப் புற ஊதாக் கருவி காட்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எங்கே தடிப்பு, எங்கே வெறும் மினுக்கு என்பது புலப்படும். லேசர் கதிரைப் பாய்ச்சி எண்ணெய் திருப்பி ஒளிரும் நிறத்தைப் படிக்கும் கருவிதான், கடற்பாசியையும் எண்ணெயையும் ஐயமின்றிப் பிரிக்க வல்லது. அது விலையும் எடையும் மிகுந்தது என்பதால் எல்லா நாட்டு விமானங்களிலும் இராது.

ஐரோப்பியக் கடல்சார் பாதுகாப்பு முகமை 2007 முதல் நடத்திவரும் கிளீன்சீநெட் சேவையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. படம் எடுக்கப்பட்ட அரைமணி நேர அளவிலேயே கடலோர நாட்டுக்கு எச்சரிக்கை போய்விடும். ஆனால் அந்த எச்சரிக்கை ‘கசிவு’ என்று சொல்வதில்லை, ‘கசிவாக இருக்கக்கூடும்’ என்றே சொல்கிறது. விமானமோ படகோ போய்ப் பார்த்து வந்த பிறகுதான் அது உறுதி செய்யப்பட்டது அல்லது தள்ளப்பட்டது என்று பதிவாகும். இப்போது கணினி நிரல்களே கருந்திட்டுகளைத் தாமாகத் தேடிப் பட்டியலிடுகின்றன. 2022-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, 2014 முதல் 2019 வரையிலான 5,60,000-க்கும் மேற்பட்ட சென்டினல்-1 படங்களை இவ்வாறு அலசி, கடல் எண்ணெய்ப் படலங்களின் பரப்பில் சுமார் 94 சதவீதம் மனிதர் செயலால் வருவது என்று கண்டது. கடலடியிலிருந்து எண்ணெய் தானாகக் கசியும் இயற்கை ஊற்றுகளின் பங்கு ஏறத்தாழ பாதி என்று முன்பு கருதப்பட்டு வந்தது. மனிதரால் பார்த்து முடிக்கவே இயலாத வேலை இது, இதற்கு நிரல்கள் தேவைதான். இருந்தாலும், நிரலுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த படங்களில் எத்தனை கடலில் போய்ச் சரிபார்க்கப்பட்டவை என்ற கேள்வி எப்போதும் இருக்கும். பல்லாயிரம் படங்களின் போக்கைச் சொல்வதில் சிறு பிழைகள் கரைந்துவிடும். ஒரு கப்பலின்மேல் விரல் நீட்டும்போது கரையாது.

ஆகவே, அடுத்த முறை இத்தகைய படம் தங்கள் மேசைக்கு வரும்போது, அனுப்பியவரிடம் செயற்கைக்கோளின் பெயரையும், ரேடார் படமா வண்ணப் படமா என்பதையும், எடுத்த நாளையும் மணியையும், அப்போதைய காற்றின் வேகத்தையும் கேட்டு வாங்கிப் படத்தின் கீழே அச்சிடுமாறு வேண்டுகிறேன். இவை எல்லாம் படத்தோடு வரும் தகவல் கோப்பிலும் வானிலைத் துறைப் பதிவுகளிலும் இருப்பவை. கேட்டால் சில நிமிடங்களில் கிடைக்கும். நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், உள்ளூர் நேரத்துக்கு மாற்றிப் போடுவது அவசியம். விமானமோ படகோ சென்று உறுதிப்படுத்தாத வரை ‘எண்ணெயாக இருக்கலாம்’ என்ற சொல்லே போதும். பின்னர் மாதிரி ஆய்வின் முடிவு வரும்போது, அது எப்படி அமைந்தாலும், படம் வந்த அதே பக்கத்தில், அதே அளவு இடம் ஒதுக்கி வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்